சர்வேக்காரி கேட்ட பதினோராவது கேள்வி

பல் மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம் படிப்பவர்களுக்குப் பசி, தூக்கம், காதல் எல்லாம் அப்புறம்தான். முதல் கவலை வாய். இன்னாருடைய வாய் என்றில்லை, யாருடைய வாயாவது கிடைக்க வேண்டும். தேர்வு எழுத வேண்டுமானால் இத்தனை பல் பிடுங்கியிருக்க வேண்டும், இத்தனை பல் அடைத்திருக்க வேண்டும், இத்தனை பல்லுக்கு வேர் சிகிச்சை செய்திருக்க வேண்டும் என்று ஒரு கோட்டா உண்டு. நோயாளிகள் தாமாக வந்து கோட்டாவை நிரப்பிவிடுவார்கள் என்று நம்பியிருந்தவர்கள் அடுத்த வருடமும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். கெட்டிக்காரர்கள் வலை வீசப் போவார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கொட்டாவி விட்டால் போதும், எட்டிப் பார்த்து, "அண்ணா, அந்தக் கடைவாய்ப் பல்லு எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

சில்லு அதில் கில்லாடி. ஒடிசலான உடம்பு, ஓயாத வாய். விடுதியில் சேர்ந்த முதல் வாரமே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது; பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவுக்கு மட்டும் என்றாகிவிட்டது. கோட்டாவில் அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு வேர் சிகிச்சை. அதற்கு அவள் பிடித்த ஆள், கல்லூரி வாசலுக்கு எதிரே பெட்டி போட்டு உட்கார்ந்திருக்கும் பூட்டு ரிப்பேர்க்காரர். டீக்கடையில் அவர் பிஸ்கட்டை ஒரு பக்கமாகவே மெல்வதைப் பார்த்தபோதே, இவர் நம்ம ஆள் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

"ஊர்ல இருக்கிற பூட்டையெல்லாம் தொறக்கிறீங்க. உங்க வாயைத் தொறக்கச் சொல்லி எவ்வளவு நாளாக் கெஞ்சறேன்!"

"பூட்டுக்கு வலிக்காது பாப்பா. எனக்கு வலிக்கும்."

"மரப்பு ஊசி போட்டுத்தான் செய்வேன். எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது."

"எறும்பு கடிச்சா எனக்கு வலிக்குமே."

கடைசியில் ஒருநாள் பல்வலியே அவளுக்காகப் பரிந்து பேசியது. கன்னம் வீங்கிப்போய் அவரே வந்து நின்றார். முதல் தடவை உட்காரவைத்து, மரப்பு ஊசி போட்டு, பல்லைத் துளைத்து, உள்ளே இருந்த நரம்பை எடுத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்பினாள். இன்னும் இரண்டு மூன்று தடவை அவர் வந்தாக வேண்டும். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே போனதும், சில்லு அவசர அவசரமாகத் தட்டை ஒழுங்குபடுத்தினாள். மாணவர்களின் வேலையை மேற்பார்க்கும் பேராசிரியை மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும் நேரம். கருவிகளைத் திருப்பிக் கொடுக்கும் ஜன்னலையும் மூடப்போகிறார்கள்.

பயன்படுத்திய ஊசியின் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு மாட்டக் கூடாது. மூடியைத் தட்டில் கிடத்தி, ஒரே கையால் ஊசியை அதற்குள் நுழைத்து அள்ள வேண்டும். இதை மேடம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போயிருந்தார். அவர் பார்க்கும்போது எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். பார்க்காதபோது வலது கையில் ஊசி, இடது கையில் மூடி. சில்லுவும் அப்படித்தான் செய்தாள். மூடி ஒரு நூல் விலகியது. ஊசி, கையுறையைத் துளைத்துக்கொண்டு இடது கட்டைவிரலில் இறங்கியது.

உறையைக் கழற்றிப் பார்த்தாள். ஒரு சொட்டு ரத்தம், மிளகு அளவு. முதலில் அதைப் பிதுக்கினாள். பிறகு விரலை வாயில் வைத்துச் சப்பினாள். அப்புறம்தான் நினைவு வந்தவளாக ஸ்பிரிட்டைப் பாட்டிலோடு கவிழ்த்துக்கொண்டு, எரிச்சலில் ஒற்றைக்காலில் ஆடினாள்.

பக்கத்து நாற்காலியில் வேலையாக இருந்த அறைத்தோழி திரும்பிப் பார்த்தாள். விடுதியில் யார் சண்டையானாலும் இருதரப்பையும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் அவளுக்கு உண்டு. அதனால் ஜட்ஜம்மா.

"என்னடி நடனம்?"

"குத்திட்டேன்டி."

ஜட்ஜம்மா முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. "மேடம்கிட்ட சொல்லு."

"சொன்னா?"

 சொன்னால் என்ன ஆகும் என்பது கல்லூரிக்கே தெரிந்த கதை. ஊசி குத்திக்கொண்டவர் கையிலிருந்து கேஸைப் பிடுங்கி மேல்படிப்புக்காரர்களிடம் கொடுத்துவிடுவார்கள். கோட்டா போச்சு, தேர்வு போச்சு. சில்லு விரலில் ஒரு பிளாஸ்டரைச் சுற்றிக்கொண்டு, சிரித்த முகத்தோடு மேடத்திடம் கையெழுத்து வாங்கிவந்தாள்.

அன்றிரவு அறையில் விசாரணை கூடியது. ஜட்ஜம்மா கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தலையணையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"முதல்ல, அந்த அண்ணனுக்கு எதுவும் இருக்கும்னு நாம ஏன் நினைக்கணும்? பாத்தா நல்லா திடகாத்திரமாத்தான் இருக்கார்."

"பாத்தாத் தெரியாதுன்னு நாமதானேடி போஸ்டர் வரைஞ்சோம்?"

உண்மைதான். பல்கலைக்கழக அளவில் நடந்த எச்.ஐ.வி. விழிப்புணர்வுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியதே இந்த அறைதான். நடுவில் பெரிய சிவப்பு ரிப்பன், சுற்றிலும் கைகோத்த மனிதர்கள், கீழே எதுகை மோனையோடு நாலு வரி.

"சரி. அப்போ டெஸ்ட் எடுக்கணும்," என்றாள் ஜட்ஜம்மா. "ஆனா இப்ப எடுத்துப் பிரயோஜனம் இல்ல. விண்டோ பீரியட். கிருமி உள்ளே நுழைஞ்சாலும் கொஞ்ச காலத்துக்கு டெஸ்ட்ல சிக்காது. அஞ்சு மார்க் கேள்வி, எனக்கு அஞ்சுக்கு அஞ்சு. அதனால தீர்ப்பு என்னன்னா, மூணு மாசம் பேசாம இருக்கணும். அப்புறம் டெஸ்ட் எடுத்துக்கணும். அதுவரைக்கும் அழுது வடியக் கூடாது."

"மூணு மாசம் எப்படிடி பேசாம இருக்கறது?"

"உனக்கு மூணு நிமிஷமே கஷ்டம்தான். முயற்சி பண்ணு."

சில்லு சிரித்தாள். ஆனால் கண் விரலில் இருந்த பிளாஸ்டருக்கே போனது. அவளுடைய சின்ன மாமா, அம்மாவின் தம்பி, அந்த நோயில்தான் போனார். அச்சகத்தில் வேலை பார்த்தவர். எந்நேரமும் விரல் நுனியெல்லாம் மை. அந்த விரலால் தூங்குகிறவர்களுக்கு மீசை வரைந்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அப்பாவே இரண்டு தடவை மீசைக்கு மேல் மீசையோடு அலுவலகம் போயிருக்கிறார். மாமாவுக்கு மருந்து கிடைப்பதற்குள் காலம் கடந்துவிட்டது. நெஞ்சுச் சளி என்றுதான் வீட்டில் எல்லோரிடமும் சொன்னார்கள். அவள் கல்லூரிக்குக் கிளம்பிய அன்றுதான் அம்மா உண்மையைச் சொன்னாள், அதுவும் பெட்டியில் துணி அடுக்கியபடி, முகத்தைப் பார்க்காமல்.

போனில் தேடலாம் என்று சில்லு எடுத்தாள். அந்த நோயின் அறிகுறிகள் என்னென்ன என்று தட்டினாள். வந்த படங்களைப் பார்த்ததும் போனைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டாள். வேறு எதைத் தேடுவது என்று அவளுக்குத் தோன்றவில்லை. இருக்கிறது என்று தெரிந்தால்தானே தேட முடியும்.

மறுநாள் காலை வகுப்பு முடிந்து இருவரும் கேண்டீனில் டீயும் ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தார்கள். சில்லு ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது தோளில் பை, கையில் போன், கழுத்தில் அடையாள அட்டை சகிதம் ஒரு பெண் வந்து நின்றாள். புள்ளியியல் துறை மாணவி. முகத்தில் காலையிலிருந்து நாற்பது பேரிடம் திட்டு வாங்கிய களை.

"அஞ்சு நிமிஷம் ஒதுக்க முடியுமா? பல்கலைக்கழக மாணவர்களோட எச்.ஐ.வி. பத்தின அறிவைப் பத்தி ஒரு சர்வே. பேர் வேண்டாம்."

சில்லு எழுந்து போகப் பார்த்தாள். ஜட்ஜம்மா மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள். "கேளுங்க. நாங்க போஸ்டர்ல ஃபர்ஸ்ட் பிரைஸ்."

சர்வேக்காரி தொண்டையைச் செருமிக்கொண்டு செய்தி வாசிப்பவர்போல் படித்தாள். கொசு கடித்தால் பரவுமா? பரவாது. கைகுலுக்கினால்? பரவாது. தாயிடமிருந்து குழந்தைக்கு? பரவலாம், மருந்து எடுத்தால் தடுக்கலாம். ஜட்ஜம்மா துப்பாக்கிபோல் பதில் சொல்லிக்கொண்டே போனாள். சர்வேக்காரிக்கே உற்சாகம் தொற்றிக்கொண்டது.

"பதினோராவது கேள்வி. கிருமி உடலில் புகுந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்த பிறகு, தொற்று ஏற்படாமல் தடுப்பதற்கு மருந்து உண்டு என்பதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?"

ஜட்ஜம்மா ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன கேட்டீங்க?" என்றாள் சில்லு.

சர்வேக்காரி அதே ராகத்தில் மறுபடியும் படித்தாள்.

"மருந்து இருக்கா?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

"எனக்குத் தெரியாது. இருக்கா இல்லையா?"

"தெரியாதுன்னு போட்டுக்கறேன். பன்னிரண்டாவது கேள்வி. ஆம் எனில், எவ்வளவு காலத்துக்குள் அதைத் தொடங்க வேண்டும்? எழுபத்திரண்டு மணி நேரம், ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம்."

"மூணு மாசம்," என்றாள் ஜட்ஜம்மா. ஆனால் குரலில் பழைய மிடுக்கு இல்லை.

சில்லு எழுந்து சர்வேக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதுல எது சரி?"

"சொல்லக் கூடாதுங்க. சர்வே முடியறவரைக்கும் விடையைச் சொல்லக் கூடாதுன்னு எங்க சார் ஆர்டர். ஒருத்தருக்குச் சொன்னா அவங்க பத்துப் பேருக்குச் சொல்லுவாங்க, அப்புறம் கணக்கே கெட்டுப்போகும்."

"உங்க கணக்கு கெட்டா பரவாயில்ல, நான் கெட்டுப்போயிடுவேன்! சொல்லுங்க!"

"ஐயோ, கையை விடுங்க. சத்தியமாச் சொல்றேன், எனக்கே தெரியாது!"

"என்னது?"

"எங்க சார் எங்களுக்கும் சொல்லல. தெரிஞ்சா கேக்கும்போது முகத்துல காட்டிடுவோமாம்." சர்வேக்காரிக்கு அழுகையே வந்துவிட்டது. "நானும் மூணு மாசமாத்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டிருக்கேன். காலையிலேர்ந்து முக்கால்வாசிப் பேர் அதைத்தான் சொன்னாங்க."

சில்லு ஏற்கெனவே போனைத் தட்ட ஆரம்பித்திருந்தாள். இப்போது எதைத் தேடுவது என்று தெரிந்துவிட்டது. கண் மூடித் திறப்பதற்குள் விடை வந்தது. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள். அதிலும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு நல்லது. மூன்று தலைகளும் ஒரு போனுக்கு மேல் மோதிக்கொண்டன.

"பாத்துட்டுச் சொன்னா செல்லாது," என்றாள் சர்வேக்காரி, பழக்கதோஷத்தில். பிறகு சில்லுவின் விரலில் இருந்த பிளாஸ்டரைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போனாள். "உங்களுக்கா?"

"நேத்து சாயங்காலம்."

"அப்ப ஏன் இன்னும் உக்காந்திருக்கீங்க? எழுந்திருங்க!"

ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. மூவரும் ஓடினார்கள். பாதி வழியில் சில்லு நின்றாள். "மேடத்துக்குத் தெரிஞ்சா கேஸ் போயிடும்டி."

ஜட்ஜம்மா திரும்பி வந்து அவள் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "போகட்டும். நேத்து நான் குடுத்த தீர்ப்பை ரத்து பண்ணிட்டேன். நட."

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் இவர்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். பாதி கடித்த பிஸ்கட்டைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு, குத்திய கதையை நிதானமாகக் கேட்டார்.

"குத்தினதும் என்ன பண்ணீங்க?"

"பிதுக்கினேன்."

"பிதுக்கக் கூடாது. அப்புறம்?"

"வாயில வெச்சு... சப்பினேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்புறம்?"

"ஸ்பிரிட் ஊத்தினேன்."

"பண்ணக் கூடாதது மூணையும் வரிசை தப்பாமப் பண்ணியிருக்கீங்க. சோப்பு, தண்ணி. அவ்வளவுதான் வேணும். அதைப் பண்ணீங்களா?"

"ராத்திரி குளிச்சேன் சார்."

சர்வேக்காரிக்குச் சிரிப்பு பீறிட்டு, அதை இருமலாக்கப் பார்த்துத் தோற்றுப்போனாள். டாக்டரும் சிரித்துவிட்டார். சில்லுவுக்கு நேற்றிலிருந்து முதல் தடவையாக மூச்சு முழுதாக உள்ளே போனது.

"பயப்படாதீங்க. அந்த ஆளுக்கு நோய் இருந்தாலுமே, இப்படி ஒரு குத்துல வர்றது நூத்துல ஒண்ணுகூடக் கிடையாது. ஆனா நாம எதுக்குப் பந்தயம் கட்டணும்? எழுபத்திரண்டு மணி நேரம்கறது கடைசி பஸ். முதல் பஸ்லயே ஏறியிருக்கணும். பரவாயில்ல, ரொம்ப லேட் ஆகல. இப்ப ரத்தம் எடுப்பாங்க, உடனே மருந்து."

ஜட்ஜம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. "ஆனா சார், விண்டோ பீரியட்ல ரத்தம் எடுத்து என்ன தெரியும்?"

"இன்னிக்கு எடுக்கிறது இதுக்கு முன்னாடி எதுவும் இல்லைன்னு தெரிஞ்சுக்க. விண்டோ பீரியட் எல்லாம் டெஸ்ட்டுக்குத்தான்மா. மருந்துக்கு ஏது விண்டோ பீரியட்? டெஸ்ட் வரட்டும்னு மருந்தை நிறுத்தி வெச்சா, நெருப்பு பிடிச்சிருக்கான்னு உறுதியாத் தெரியட்டும்னு தண்ணியைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி."

ஜட்ஜம்மா வாழ்க்கையில் முதல் முறையாக மேல்முறையீடு செய்யவில்லை.

மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்த நர்ஸ், இங்கேயே என் கண் முன்னால் விழுங்கு என்றாள். ஒரே ஒரு மாத்திரை. தினமும் ஒன்று, இருபத்தெட்டு நாள், ஒரு நாளும் விடக் கூடாது. சில்லு அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு விழுங்கித் தண்ணீர் குடித்தாள். 

வெளியே வந்து மர நிழலில் நின்று வீட்டுக்குப் போன் போட்டாள். எப்படிச் சொல்வதென்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோய், ஊசி, மாத்திரை, சர்வே எல்லாம் தலைகீழாகக் கொட்டியது. அம்மா குறுக்கே பேசவில்லை. 

"அம்மா? இருக்கியா?"

"மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?"

"எப்ப வேணாலும் சாப்பிடலாம்மா."

"ஒரே ஒரு மாத்திரைதானா?"

"ஒண்ணே ஒண்ணுதான்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "உன் மாமா கைநிறைய முழுங்குவான். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு வெச்சிருந்தான். பெருசு பெருசா இருக்கிறதுக்கெல்லாம் என் மாமியார் பேரு." அம்மா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரிக்க முடியவில்லை. "ஒரு நாள்கூட விட்டுடாதடி. விட்டேன்னு தெரிஞ்சா அங்கேயே வந்து உதைப்பேன்."

மேடத்திடம் அன்று மதியமே போய்ச் சொன்னாள். மேடம் அவளைத் திட்டிய திட்டில் பக்கத்து அறையில் பல் பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்களாம். கேஸை யாருக்குக் கொடுப்பீர்கள் என்று சில்லு கேட்டபோது மேடம் விழித்தார். "உன் கேஸை நான் எதுக்கு வேற ஆளுக்குக் குடுக்கப்போறேன்? எவ சொன்னா?" எவள் சொன்னாள் என்று யாருக்கும் தெரியவில்லை. வருடா வருடம் மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லி வந்த கதை அது. அவ்வளவுதான்.

கடைசியில் பூட்டுக்காரரைப் பார்த்தாக வேண்டியிருந்தது. அவர் சம்மதித்து ரத்தம் கொடுத்து, அதில் ஒன்றுமில்லை என்று தெரிந்தால் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சம்மதித்தால் மட்டும்தான், வற்புறுத்தக் கூடாது. சில்லு அவர் பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி விஷயத்தைச் சொன்னாள்.

அவர் அரத்தைக் கீழே வைத்தார். "என் வாயில ஊசி குத்தினது நீ. உன் விரல்ல குத்திக்கிட்டதும் நீ. ரத்தம் குடுக்கிறது மட்டும் நானா?"

"கட்டாயம் இல்லண்ணா. கேக்கணும், கேட்டேன்."

"குடுக்கலைன்னா?"

"நான் முழுசா மாத்திரை சாப்பிடுவேன். அவ்வளவுதான்."

"குடுக்கலைன்னா என் பல்லு?"

"உங்க பல்லு என் பல்லு மாதிரி. வியாழக்கிழமை வந்துடுங்க."

அவர் அரத்தை மறுபடி கையில் எடுத்தார். "பல்லுக்கு வரேன் பாப்பா. ரத்தத்துக்கு வரல. அது என் விஷயம்."

"சரிண்ணா."

அவருக்கு என்ன தயக்கமோ, சில்லு கேட்கவில்லை. மாமா உயிரோடு இருந்த காலத்தில் பல்வலி என்று போன இடத்திலெல்லாம் என்ன பதில் கிடைத்திருக்கும், எத்தனை பேர் கதவைச் சாத்தியிருப்பார்கள் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். வியாழக்கிழமை அவர் குளித்து, தலை சீவி, நேரத்துக்கு வந்தார். எல்லோருக்கும் செய்வதுபோலவே அவருக்கும் செய்தாள். அடுத்தடுத்த தடவைகளும் தவறாமல் வந்தார். பல் அடைத்து முடிந்த அன்று கொட்டைப் பாக்கைக் கடிக்கிறவர்போல் வெறும் பல்லைக் கடித்துப் பார்த்து, "பரவாயில்ல, உனக்கும் தொழில் தெரியுது," என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார்.

மாத்திரை முதல் சில நாள் குமட்டியது. ஜட்ஜம்மா தினமும் தம்ளரில் தண்ணீரோடு எதிரே நின்று, "குற்றவாளி வாயைத் திறக்கவும்," என்பாள். தான் சொன்ன தீர்ப்பை நினைத்து அவள் தனியாக அழுதது சில்லுவுக்குத் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. சர்வேக்காரி தன் சாரிடம் போய், ஒருத்தருக்கு விடை தெரிந்துவிட்டது, அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று ஒப்புக்கொண்டாள். காரணத்தைக் கேட்ட சார், அன்றிலிருந்து கேள்வி முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் சரியான விடையைச் சொல்லிவிட்டே நகர வேண்டும் என்று விதியையே மாற்றிவிட்டார். கணக்கு கெட்டால் கெட்டுப்போகட்டுமாம். சர்வேக்காரி வாரம் தவறாமல் இந்த அறைக்கு வந்தாள். ஆய்வுக்கு என்பாள், பிஸ்கட் தீர்ந்ததும் கிளம்பிவிடுவாள்.

ஆறு வாரத்தில் ஒரு பரிசோதனை. ஒன்றுமில்லை. மூன்று மாதத்தில் இன்னொன்று, அதுதான் கடைசி. அன்று காலையிலிருந்து மூவரும் ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அதே டாக்டர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"பல் டாக்டர், நீங்க வீட்டுக்குப் போகலாம். ஒண்ணும் இல்ல."

ஜட்ஜம்மா கத்திய கத்தலில் ஒரு நர்ஸ் ஓடிவந்து, இது ஆஸ்பத்திரியா சந்தையா என்று மூவரையும் வெளியே விரட்டினாள்.

சில்லு வாசற்படியிலேயே உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டாள். முதல் மணி முடிவதற்குள் அம்மா எடுத்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் முடிஞ்சுது."

"சரி. வேளைக்குச் சாப்பிடு," என்று சொல்லி அம்மா வைத்துவிட்டாள்.

சில்லு கையிலிருந்த போனையே பார்த்தாள். ஜட்ஜம்மா என்ன என்று கண்ணால் கேட்டாள். பதில் சொல்லுமுன் போன் மறுபடி அடித்தது.

"ஏய்," அம்மாவின் குரல் உடைந்திருந்தது; பின்னால் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசும் சத்தம் கேட்டது. "அதை இன்னொரு தடவை சொல்லுடி. சத்தமாச் சொல்லு. அப்பா, சொந்தக்காரங்க எல்லாரும் இங்கதான் நிக்கிறாங்க."